கொசு பிடித்தவரின் கேள்வி

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "இந்த வீட்டை விட்டு யார் போனாங்க?"

கேட்டவர்கள் முதலில் பயந்துபோவார்கள். அது மதுவிலக்குக் காலம். காக்கி அரைக்கால் சட்டையும் தகரப் பெட்டியுமாக ஒருவர் விடியற்காலையில் வந்து நின்று இப்படிக் கேட்டால் சாராயச் சோதனைக்கு வந்த ஆள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பேரிகையில் ஒரு கிழவர் வீட்டில் நடந்ததை நானே பக்கத்தில் நின்று கேட்டேன்.

"மகன் கோலாருக்குப் போயிட்டான். தங்கச் சுரங்கத்துக்கு."

"சரிங்க. வேற?"

"மருமகளும் கூடவே போயிட்டா."

"வேற?"

"வேற யாரு சாமி? நான் ஒருத்தன்தான் பாக்கி. என்னையும் அனுப்பி வைக்கணுமா?"

"பூனை கீனை இருந்ததுங்களா?"

"இருந்துச்சு. போன மாசம் காணாம போச்சு."

"மாச ஆரம்பத்திலயா, கடைசியிலயா?"

கிழவர் என்னைப் பார்த்தார். இவருக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று அந்தப் பார்வை கேட்டது. கேள்வி கேட்டவர் மட்டும் முழங்காலில் காகிதத்தை வைத்து, மகனையும் மருமகளையும் எழுதிய அதே அளவு எழுத்தில் பூனையையும் எழுதினார். எழுத்து சின்னதாக, நெல் அடுக்கினதுபோல இருக்கும்.

ஐம்பதுகளின் நடுவில், ஓசூர் தாலுகாவில் மலேரியாவுக்கு மருந்தடிக்கிற ஒரு குழுவில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். குழுவில் மொத்தம் எட்டுப் பேர். பம்பு அடிக்கிறவர்கள் ஐந்து, இன்ஸ்பெக்டர் ஒன்று, குமாஸ்தா நான், பூச்சி பிடிக்கிறவர் அவர். எனக்கு இருபத்து மூன்று வயது. இன்டர்மீடியட் வரை படித்தவன். அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். சிங்காரப்பேட்டைப் பக்கத்துக்காரர் என்பதும், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை கட்டியிருப்பார் என்பதும் தவிர, அவருடைய சொந்தக் கதை எனக்கு அதிகம் தெரியாது. அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தெலுங்கு வீடுகளில் அவர் தோமலாயன, கொசுக்காரர். கன்னட வீடுகளில் சொள்ளெ மேஷ்ட்ரு, கொசு வாத்தியார். தமிழ் வீடுகளில்தான் கேலி அதிகம். "கொசு குடிக்கிறவரு வந்துட்டாரு" என்பார்கள்.

கேலிக்குக் காரணம் இருந்தது. அவருடைய கருவி ஒரு சாண் நீளக் கண்ணாடிக் குழாய், அதன் பின்னால் ஒரு முழம் ரப்பர் குழாய். இரண்டுக்கும் நடுவே மெல்லிய துணி. கண்ணாடி முனையைச் சுவரில் உட்கார்ந்திருக்கிற கொசுவுக்கு நேராக வைத்து, ரப்பர் முனையை வாயில் வைத்து மெல்ல உறிஞ்சுவார். கொசு உள்ளே வந்து துணியில் நிற்கும். முனையைப் பஞ்சால் அடைத்துவிட்டு அடுத்த கொசு. ஓர் இடத்தில் கால் மணி நேரம். அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. பாக்கெட் கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்குவார், பார்த்து முடிப்பார். எத்தனை கிடைத்தது என்று என்னிடம் சொல்வார். நான் பதிவேட்டில் ஏற்றுவேன். கால் மணிக்கு இத்தனை கொசு என்பதுதான் எங்கள் வேலையின் அளவு. எண்ணிக்கை இறங்கினால் மருந்து வேலை செய்கிறது, ஏறினால் செய்யவில்லை.

இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. எண்ணுவது என் சுபாவம். நாங்கள் கூடாரம் போட்டது பேரிகையிலிருந்து மூன்று மைல் தள்ளி, ஓடைக்கரையில் இருந்த ஒரு சின்ன ஊரில். அங்கே நான் எண்ணிய வீடுகள் அறுபத்து நான்கு. தாலுகா கச்சேரிக் காகிதம் அறுபத்தொன்று என்றது. அந்த மூன்று வீட்டை நினைத்து எனக்கு நான்கு நாள் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அவருக்கும் எனக்கும் முதல் சண்டை ஒரு வீட்டுப் படிவத்தில் வந்தது. 'குடியிருப்போர்' என்ற கட்டத்தில் இருபத்தேழு என்று எழுதியிருந்தார். ஒன்றரை அறை வீடு அது.

"இருபத்தேழு பேரு எப்படிங்க படுப்பாங்க?" என்றேன்.

"எல்லாரும் தரையில படுக்க மாட்டாங்க தம்பி. குருவி நாலு விட்டத்துல. பல்லி ஆறு சுவத்துல. ஆடு ரெண்டு, குட்டி மூணு. பூனை ஒண்ணு. எலி சரியா எண்ண முடியல, அஞ்சுன்னு போட்டேன். மனுசங்க ஆறு."

"குடியிருப்போர்னா மனுசங்கதான்."

"யாரு சொன்னது?"

"படிவம் சொல்லுது."

"படிவம் அடிச்சவரு அந்த வீட்டுக்குள்ள போயிருக்க மாட்டாரு."

நான் சிவப்பு மையால் இருபத்தேழை அடித்து ஆறு என்று எழுதினேன். அவர் கோபப்படவில்லை. "அடிங்க, அடிங்க. நீங்க அடிச்சா பல்லி எறங்கிப் போயிடுமா" என்று சொல்லிவிட்டுக் குழாயைக் கழுவப் போனார். அன்றிலிருந்து மனிதர் எண்ணிக்கையைக் கட்டத்துக்குள் எழுதினார். மற்றவற்றைப் படிவத்தின் அடியில் ஒரே வரியாக எழுதினார். அந்த வரியை நான் அடித்துவிடுவேன். அடித்துத்தான் மேலே அனுப்ப வேண்டும். இல்லையென்றால் இன்ஸ்பெக்டர் என்னைத்தான் கூப்பிடுவார். அவர் எழுதுவதும் நான் அடிப்பதும் இப்படியே நடந்துகொண்டிருந்தது. அந்தப் பருவத்தில் நான் அடித்த வரிகள் நூற்றுப் பதினெட்டு.

அவரோடு வேலை செய்வது கஷ்டம் என்று பம்பு அடிக்கிறவர்கள் சொல்வார்கள். காரணம் அவர் கேட்டதற்கு உண்மையைச் சொல்லிவிடுவார். சித்திரையில் முதல் சுற்று மருந்தடித்து ஒரு வாரம் ஆகியிருக்கும். முனியம்மா என்ற பெண்பிள்ளை செத்த கோழி ஐந்தை இரண்டு கையிலும் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்கு வந்தாள். புருஷன் பெங்களூரில் ஒரு மில்லில் வேலை. ஓடைக்குப் பக்கத்தில் கடைசி வீடு அவளுடையது. எங்கள் பட்டியலில் ஐம்பத்தெட்டாம் எண்.

இன்ஸ்பெக்டர் தெற்கத்திக்காரர், வேகமாகப் பேசுவார். "அதெல்லாம் கோழிச் சீக்குமா. சித்திரை வெயிலுக்கு வர்றதுதான். மருந்து கொசுவுக்கு மட்டும்தான்" என்றார்.

பூச்சி பிடிக்கிறவர் ஒரு கோழியை வாங்கி, சவர பிளேடால் இரைப்பையைக் கீறி, கொட்டாங்குச்சியில் கவிழ்த்தார். கரப்பான், இராமபாணப் பூச்சி, ஈ, ஒரு சிலந்தி. எண்ணச் சொன்னார். முப்பத்தொன்று.

"எங்க மருந்தாலதாம்மா செத்துச்சு" என்றார் முனியம்மாவிடம். "சுவத்துல இருந்த பூச்சி மருந்து பட்டுக் கீழ விழுந்துச்சு. விழுந்ததைக் கோழி பொறுக்கித் தின்னுச்சு. பல்லியும் அதைத்தான் தின்னுது. உங்க வீட்ல பல்லி எத்தனை இருந்துச்சு?"

"நாலு."

"இப்ப?"

அவள் யோசித்தாள். "சத்தமே காணோமே" என்றாள்.

இன்ஸ்பெக்டர் அன்று அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கத்தியது ஓடைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது.

அந்த உண்மைக்கு விலை இருந்தது. பத்தே நாளில் ஊர்ப் பெண்கள் செம்மண்ணும் சாணியும் குழைத்து உள்சுவர்களையெல்லாம் மெழுகிவிட்டார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு எப்படியும் மெழுகுவதுதான். அந்த வருஷம் ஒரு மாதம் முன்பாகவே மெழுகினார்கள். மருந்து சுவரின் மேல் வெள்ளைப் படலமாக இருந்தால்தான் உட்கார்கிற கொசு சாகும். மெழுகிவிட்டால் மருந்து மண்ணுக்கு உள்ளே, கொசு மண்ணுக்கு மேலே. எங்கள் ஐந்து பேர் பன்னிரண்டு நாள் பம்பு அடித்த உழைப்பு ஒரு மண்வெட்டி மண்ணுக்குக் கீழே போயிற்று. மெழுகிய வீடுகள் நாற்பத்தொன்று. அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நான் அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

இதை அவரிடமே சொன்னேன். அவர் ராகிக்களியை உருட்டிக்கொண்டே, "பொய் சொல்லியிருந்தா சுவரு வெள்ளையா இருந்திருக்கும். நெசந்தான்" என்றார். பிறகு, "அடுத்த கோழி செத்தப்புறம்?" என்றார்.

வைகாசியில் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு வேறு ஊர்களுக்குப் போனோம். ஆவணியில் இரண்டாம் சுற்றுக்கு அதே ஓடைக்கரைக்குத் திரும்பி வந்தோம். வந்த முதல் நாளே அவர் அறுபத்து நான்கு வீட்டுக்கும் நடந்து, கேள்வி கேட்டு, பதிலை அடி வரியில் எழுதி, படிவங்களை என்னிடம் கொடுத்துவிட்டார். மறுநாள் இன்ஸ்பெக்டர் அவரைச் சூளகிரிப் பக்கம் கொசு எண்ண அனுப்பினார். நான் வழக்கம்போல ஒவ்வொரு படிவத்தையும் திருத்தி, அடி வரிகளை அடித்து, எந்த வீட்டுக்கு எந்த நாள் மருந்து என்று வரிசை போட்டேன். மருந்து அந்த முறை குறைவாக வந்திருந்தது. ஒரு நாளைக்கு மூன்று வீடு. காய்ச்சல் கண்ட வீடு முதலில் என்பது விதி. அப்படி ஒன்றும் என் கண்ணுக்குப் படாததால் எண் வரிசைப்படியே போட்டேன். ஒன்றிலிருந்து அறுபத்து நான்கு. ஐம்பத்தெட்டாம் எண்ணுக்கு இருபதாவது நாள்.

பதினெட்டாவது நாள் அவர் திரும்பி வந்தார். ஓடைக்கரை வழியாக வந்தவர் நேரே முனியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து கூடாரத்துக்கு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"தம்பி, சித்திரையில அம்பத்தெட்டாம் நம்பர்ல கொட்டாய்க்கு எத்தனை, வீட்டுக்கு எத்தனை?"

பதிவேட்டைப் புரட்டினேன். மருந்தடிப்பதற்கு முன்னால் எடுத்த கணக்கு. "மாட்டுக் கொட்டாய் நாப்பத்தொண்ணு. வீட்டுக்குள்ள மூணு."

"இப்ப எழுதிக்குங்க. கொட்டாய் ரெண்டு. வீட்டுக்குள்ள முப்பத்தெட்டு." மூச்சு வாங்கினார். "கொட்டாயில மாடு இல்ல. குந்தாரப்பள்ளி சந்தையில வித்துட்டாங்க. ஓடையில பொறக்கிற கொசு மாட்டைக் கடிச்சிட்டு அங்கேயே சுவத்துல ஒக்காந்துக்கிட்டு இருந்துச்சு. மாடு போனதும் அடுத்த படிக்கு ஏறிடுச்சு. பாப்பாவுக்குக் காய்ச்சல். ஒரு நா விட்டு ஒரு நா குளிர் வருதாம். ரெண்டு வாரமா."

நான் வரிசைத்தாளை எடுத்துக் காட்டினேன். "நாளை மறுநாள் அவங்க முறைதான்."

"வந்த அன்னிக்கே எழுதிக் குடுத்தேனே. படிவத்தோட அடியில."

"அடி வரியா?"

"படிச்சீங்களா?"

"பல்லின்னு ஆரம்பிச்சுதுங்க. அடிச்சுட்டேன்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு பாக்கெட் கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, திரும்ப உள்ளே போட்டுக்கொண்டார். "வாங்க. இன்னிக்கே போகணும்" என்றார்.

அதுவரை நான் அந்த வீட்டுக்கு உள்ளே போனதில்லை. மெழுகின சுவர் பளிச்சென்று செம்மண் நிறத்தில் இருந்தது. கயிற்றுக் கட்டிலில் மூன்று வயசு மதிக்கத்தக்க பெண்குழந்தை சுருண்டு படுத்திருந்தது. பாவாடை அதற்கு ரொம்ப நீளம். இடுப்பில் மூன்று மடிப்பு மடித்துச் சொருகியிருந்தார்கள். அவர் குழந்தையின் இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். என் கையையும் பிடித்து வைத்தார். மண்ணீரல் வீங்கிக் கல்போல இருந்தது.

பேரிகை ஆஸ்பத்திரி மாத்திரையை முனியம்மா ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தாள். மாத்திரை காய்ச்சலை இறக்கும். முப்பத்தெட்டு கொசு வீட்டுக்குள் இருந்தால் திரும்ப ஏறும். மருந்தடிக்க வேண்டும் என்றார்.

முனியம்மா வாசற்படியில் குறுக்கே நின்றாள். "சாலு சாமி, போதும். ஒங்க மருந்துக்கு என் கோழி அஞ்சு பத்தலையா? மிச்சம் மூணு வெச்சிருக்கேன், அதுக்கும் வந்தியா?"

"அரசாங்க உத்தரவும்மா" என்றேன் நான்.

"அந்த உத்தரவைக் கொண்டுபோயி ஓடையில போடு."

அவர் என்னைக் கையால் அமர்த்தினார். கீழே குந்தி உட்கார்ந்தார். அவளும் சற்று நேரம் நின்றுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மறுபடியும் கோழி சாகுமா?" என்று கேட்டாள்.

"வீட்டுக்குள்ள விட்டா சாகும்."

"பல்லி?"

"மிச்சம் இருந்தா அதுவும் சாகும்."

"இவ?"

"மருந்து அடிக்காட்டி சாகலாம். அடிச்சா பொழைக்கலாம். ரெண்டும் லாம்தான். எனக்கு அவ்ளோதான் தெரியும்."

அவள் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். "அந்த இன்ஸ்பெட்டரு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். கோழி விசயத்துல நீதான் நெசத்தைச் சொன்னே" என்றாள். "கோழிய என்ன பண்றது?"

"கோழி எங்க கூடாரத்துல இருக்கட்டும்."

இப்படியாக இரண்டு பெட்டையும் ஒரு சேவலும் அரசாங்கக் கூடாரத்துக்குக் குடிவந்தன. மருந்தடித்த மறுநாளிலிருந்து தினமும் காலையில் அவர் அவள் வீட்டுத் தரையைப் பெருக்கி, விழுந்த பூச்சிகளை அள்ளிக் குழிதோண்டிப் புதைத்தார். பத்து நாள். அதுவரை கோழிகள் என் பெட்டிமேல் தூங்கின. ஒன்று படிவக் கட்டின் மேல் ஏழு முட்டை இட்டது. நான் தினமும் எண்ணி அவளிடம் சேர்த்தேன். ஐந்தாம் நாள் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து, சேவலைப் பார்த்து, "இது யாரு?" என்றார்.

"அம்பத்தெட்டாம் நம்பர் சார். பத்து நாளைக்குத்தான்" என்றார் அவர்.

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்லத் தொடங்கினார். சேவல் கூவிற்று. அவர் வெளியே போய்விட்டார்.

வீட்டுச் சுவருக்கு மருந்து ஆயிற்று. ஆனால் ஓடையில் கொசு பிறந்துகொண்டேதான் இருந்தது. இரத்தம் தேடி வந்துகொண்டேதான் இருந்தது. வீட்டுக்கு முன்னால் அதைத் தடுத்து நிறுத்த மாடு வேண்டும் என்றார் அவர். மாடு கொட்டகையில், மருந்து கொட்டகைச் சுவரில். கடித்துவிட்டு உட்காருகிற இடத்திலேயே கொசு சாக வேண்டும். மாடு வாங்க முனியம்மாவுக்கு வழியில்லை. பக்கத்து வீட்டுக் கிட்டப்பாவிடம் நான்கு மாடு இருந்தன. அவருடைய கொட்டகைக் கூரை ஆடிக் காற்றில் பறந்துபோய், மாடுகள் மழையில் நின்றன. இவள் கொட்டகையில் கட்டிக்கொள்ளுங்கள் என்றால் உடனே ஒப்புக்கொள்வார் என்று நான் நினைத்தேன். அங்கேதான் சாணி குறுக்கே வந்தது.

"கட்டறேன். சாணி என்னுது" என்றார் கிட்டப்பா.

"எங் கொட்டாய்ல விழற சாணி எப்படி ஒன்னுது?" என்றாள் முனியம்மா.

"எம் மாட்டு வயித்துலருந்து வர்றது பின்ன யாருது?"

"அப்ப வயித்துக்குள்ளயே வெச்சிக்கச் சொல்லு."

"பாத்தீங்களா சாமி, பேச்சை? வித்த மாட்டுக்குப் பதிலா எம் மாட்டுச் சாணியில ராகி வெளைக்கப் பாக்கறா."

"ஆமாண்ணா, ஒன் மாடு மழையில நனைஞ்சி சளி புடிச்சிக் கெடக்குதே, அதுக்கு நானா கூரைய பிச்சி எறிஞ்சேன்?"

ஒரு முழுக் காலைப் பொழுது இப்படியே போயிற்று. இரண்டு பேருக்குமே ராகிக் கொல்லை. எரு இல்லாமல் அந்தச் செம்மண்ணில் ஒன்றும் ஏறாது. அவர் நடுவே உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறிமாறித் தலையாட்டினார். கடைசியில், "கூடைக்குக் கூடை பாதி" என்றார்.

"யாரு எண்ணுவாங்க? இவரு என்னை ஏமாத்திடுவாரு" என்றாள்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முனியம்மாவும் பார்த்தாள். கிட்டப்பாவும் பார்த்தார்.

அடுத்த ஆறு வாரம் தினமும் காலையில் நான் அந்தக் கொட்டகை வாசலில் நின்று சாணிக்கூடை எண்ணினேன். இன்டர்மீடியட் படித்தது இதற்கா என்று தோன்றாத நாளில்லை. ஆனால் சொல்ல வேண்டும்: என் வாழ்க்கையில் நான் எண்ணிய எண்ணிக்கைகளில் இரண்டு தரப்பும் தகராறில்லாமல் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான். நூற்று எழுபத்தாறு கூடை; ஆளுக்கு எண்பத்தெட்டு.

நான்கு மாடும் கட்டிய மறுநாள் அவர் எண்ணினார். கொட்டகையில் உயிரோடு ஆறு, தரையில் செத்து விழுந்தது நாற்பதுக்கு மேல். வீட்டுக்குள் ஒன்று. அதன் பிறகு வீட்டுக்குள் பூஜ்யம். குழந்தைக்குக் குளிர் வருவது நின்றது. ஐப்பசியில் அது எழுந்து கொட்டகைக்குப் போய், கிட்டப்பாவின் மாட்டுக் கழுத்துமணியைப் பிடித்துத் தொங்கிற்று.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். அந்த மாதமே ஊர் முழுக்க மூட்டைப்பூச்சி கிளம்பிற்று. எங்கள் மருந்து அதை ஒன்றும் செய்யவில்லை; அதைத் தின்கிற பல்லியும் எறும்பும்தான் போயிருந்தன. ஜனங்கள் கட்டிலை வெயிலில் போட்டு வெந்நீர் ஊற்றினார்கள், எங்களைத் திட்டினார்கள். அவர் ஒவ்வொரு வீட்டிலும் நின்று திட்டை வாங்கிக்கொண்டு, "ஆமாங்க, எங்களாலதான்" என்று சொல்லி எழுதிக்கொண்டார். எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது. இத்தனை உண்மையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்?

எரிச்சலில் ஒருநாள் அவரையே கேட்டேன். "எல்லார் வீட்லயும் கேக்கறீங்களே, உங்க வீட்டை விட்டு யார் போனாங்க?"

குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் கையை இறக்கவில்லை. "எங்க வீட்ல மூட்டைப்பூச்சிகூட இல்ல தம்பி" என்றார்.

அதை நகைச்சுவை என்று எண்ணிச் சிரித்தேன். மூட்டைப்பூச்சி இருக்க வேண்டுமென்றால் படுக்கையில் மனிதர்கள் வேண்டும் என்பது எனக்குச் சில நாள் கழித்துத்தான் உறைத்தது. அப்போது அவரைக் குடகுப் பக்கம் மாற்றியிருந்தார்கள். தகரப் பெட்டியை லாரியில் ஏற்றும்போது குழாய் உடையாமல் பிடித்துக்கொள்ள என்னிடம் கொடுத்தார், ஏறியதும் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

மறு வருஷம் சித்திரையில் புதிதாகப் பூச்சி பிடிக்கிறவர் யாரும் வரவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக நானே போக வேண்டியதாயிற்று. ஐம்பத்தெட்டாம் எண்ணில் முனியம்மா முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். கோழி ஒன்பது ஆகியிருந்தது. குழந்தை அதே பாவாடையில் இருந்தது. இப்போது மடிப்பு இரண்டுதான்.

"குடியிருப்போர் எத்தனை பேரு?"

"நானும் இவளும்."

இரண்டு என்று கட்டத்தில் எழுதினேன். எழுந்தேன்.

"அவ்ளோதானா?" என்றாள். "யாரு போனாங்கன்னு கேக்க மாட்டியா?"

"போன வருசமே அவரு கேட்டாரே."

"கேட்டாரு. ஊரே மாட்டைப் பத்தி விசாரிச்சிது, ஏன் வித்தே, எவ்ளோக்கு வித்தேன்னு. பெரியவளைப் பத்தி அவரு ஒருத்தருதான் கேட்டாரு. எந்தப் பக்கம் படுப்பான்னுகூடக் கேட்டு எழுதிக்கிட்டாரு." முறத்தைத் தட்டினாள். உமி பறந்தது. "ஆடியில. ஆறு வயசு. இதே காய்ச்சல்தான். இவ கட்டியிருக்கறது அவ பாவாடை."

கூடாரத்துக்கு வந்து, மேலே போய்த் திரும்பி வந்திருந்த பழைய படிவக் கட்டை அவிழ்த்தேன். ஐம்பத்தெட்டாம் எண் படிவம் அடியிலிருந்து ஏழாவதாக இருந்தது. சிவப்பு மைக்குக் கீழே அந்தச் சின்ன எழுத்து நன்றாகவே தெரிந்தது. வீட்டை விட்டுப் போன வரிசையிலேயே எழுதியிருந்தார்.

'பல்லி 4, கோழி 5, மாடு 1, கன்று 1, பெண் 1.'

அதன் மேல் நான் இழுத்த கோடு முதல் எழுத்தில் தொடங்கிக் கடைசி எழுத்து வரை போயிருந்தது. கொஞ்சமும் கோணல் இல்லை. அளவுகோல் வைத்துப் போட்டிருக்கிறேன்.